கோபத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது: ஜோசப் பட்லரின் பிரசங்கங்கள்

கடவுளின் இயல்பே நன்மை, அந்த நன்மையிலிருந்துதான் உலகம் உண்டாயிற்று என்றால், நன்மைக்கு நேர் எதிராகத் தெரிகிற கோபத்தை அவர் ஏன் மனிதனுக்குள் வைத்தார்?

1720-களில் லண்டனில் ஜோசப் பட்லர் என்ற குருவானவர் இந்தக் கேள்வியோடு ஒரு பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட வசனம் மத்தேயு சுவிசேஷத்தில் வருவது: "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்." இந்த வசனத்தை வைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எங்கே போய் முடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கோபம் கெட்டது, அதை விட்டுவிடு, எல்லாவற்றையும் மற, மன்னித்துவிடு. பட்லர் அந்தப் பக்கமே போகவில்லை. கோபம் நமக்குள் இருக்கிறது என்றால் அதற்கு ஏதோ வேலை இருக்க வேண்டும், முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம் என்கிறார். நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் கோபத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்மையான எழுத்து வேறொன்று இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

பட்லர் 1692-இல் வான்டேஜ் என்ற ஊரில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். குடும்பம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் சபையைச் சேர்ந்தது அல்ல, பிரெஸ்பிட்டேரியன் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவு. அந்தக் காலத்தில் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் சேர முடியாது. அதனால் டியூக்ஸ்பரியில் அவர்களுக்கென்றே நடந்த ஒரு கல்விச்சாலையில் படித்தார். அங்கே படிக்கும்போது, அன்றைக்குப் பெரிய தத்துவவாதியாகப் பேர் பெற்றிருந்த சாமுவேல் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். கடவுள் இருப்பதற்கு நீங்கள் காட்டும் நிரூபணத்தில் இந்த இடம் எனக்கு ஒட்டவில்லையே என்று, பேரைச் சொல்லாமல், பணிவாக. அப்போது அவருக்கு 21 வயது. கடிதங்களைக் குளோஸ்டர் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டவர் கூடப் படித்த தாமஸ் செக்கர். அந்த செக்கர் பிற்காலத்தில் கான்டர்பரியின் தலைமைப் பேராயர் ஆனார். யாரென்றே தெரியாத அந்தப் பையனின் கடிதங்களைக் கிளார்க் மதித்துப் பதில் எழுதினார், பிறகு அவற்றைத் தன் புத்தகத்தோடு சேர்த்து அச்சிடவும் செய்தார்.

அதன் பிறகு பட்லர் ஆங்கிலிகன் சபைக்கு மாறி, ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் படித்து, 1718-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 27 வயதில், லண்டன் சான்சரி லேனில் இருந்த ரோல்ஸ் தேவாலயத்துக்குப் பிரசங்கியாக நியமிக்கப்பட்டார். அது சாதாரணத் தேவாலயம் இல்லை. நீதிமன்ற ஆவணச் சுருள்களைப் பாதுகாத்துவந்த இடம். வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் வக்கீல்களும் நீதித்துறையைச் சேர்ந்தவர்களும். இது முக்கியமான செய்தி. பட்லரின் பிரசங்கங்களில் உருக்கமான கதை கிடையாது, நரக பயமுறுத்தல் கிடையாது, குரல் உயர்வதே கிடையாது. ஒரு வாதத்தை எடுத்தால் அதற்கு வரக்கூடிய எதிர்வாதத்தையும் தானே எடுத்துவைத்து, வரிவரியாகப் பதில் சொல்லிக்கொண்டு போகிறார். வாரம் முழுக்க வழக்காடிவிட்டு வருகிறவர்கள் முன்னால் வேறு எப்படிப் பேசியிருந்தாலும் நின்றிருக்காது.

அங்கே பேசியவற்றிலிருந்து 15 பிரசங்கங்களை 1726-இல் புத்தகமாகப் போட்டார். படிக்கக் கடினமாக இருக்கிறது என்று பலர் குறை சொல்லியிருக்க வேண்டும். 1729-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நீண்ட முன்னுரை ஒன்று சேர்த்து அதற்குப் பதில் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. விஷயம் கடினமாக இருந்தால் எழுத்தும் கடினமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. குழப்பம் மட்டும் மன்னிக்க முடியாதது. ஏனென்றால் தான் சொல்ல வருவது தனக்கே புரிந்திருக்கிறதா என்று ஒருவன் மனது வைத்தால் தெரிந்துகொண்டுவிடலாம். அது தெரியாமல் எழுதிப் பிறர் முன்னால் வைப்பது, வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூச்சப்பட வேண்டிய கோலத்தில் தெருவுக்கு வருவது என்கிறார். படிக்கிறவர்களையும் அவர் விடவில்லை. தினம் தினம் கைக்கு வந்துசேரும் பொழுதுபோக்குப் புத்தகங்களும் தாள்களும் மனிதர்களைச் சோம்பேறி வாசகர்கள் ஆக்கிவிட்டன, கவனம் செலுத்தும் வலி இல்லாமலே நேரத்தைத் தொலைத்துவிட முடிகிறது என்று வருத்தப்படுகிறார். ஏறக்குறைய 300 வருடம் கழித்து, கைபேசியும் கையுமாக இருக்கும் நாம் இதைப் படிக்கிறோம்!

சரி, கோபத்துக்கு வருவோம். 8-ஆம் பிரசங்கம் கோபத்தைப் பற்றியது, 9-ஆம் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோபத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று தொடங்குகிறார். ஒன்று சட்டென்று வரும் கோபம். யாரோ இடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், உடனே உடம்பு எதிர்க்கிறது. இது குழந்தைக்கும் வரும், விலங்குக்கும் வரும். நியாயம் அநியாயம் என்ற யோசனைக்கே இதில் இடமில்லை. திடீர்த் தாக்குதலிலிருந்து தப்பிக்க உடம்புக்குக் கொடுக்கப்பட்ட காவல் அது, அவ்வளவுதான். இன்னொன்று ஊன்றி நிற்கும் கோபம். யோசிக்க யோசிக்கக் குறையாமல் இருப்பது. இது வலியினால் மட்டும் வருவதில்லை, அநியாயம் நடந்தது என்ற எண்ணத்தால் வருகிறது. கல் தடுக்கி விழுந்தால் வலிக்கும், ஆனால் அந்தக் கல்மீது இப்படிப்பட்ட கோபம் வராது. ஒருவன் வேண்டுமென்றே காலை நீட்டி விழவைத்தான் என்று தெரிந்தால் வரும்.

இங்கேதான் அழகான ஒரு சாட்சியைக் கொண்டுவருகிறார். ஒரு கற்பனைக் கதையைப் படிக்கிறோம் என்று வையுங்கள். அதில் ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுமை செய்கிறான். இரண்டு பேரும் உலகத்திலேயே இல்லாதவர்கள். நமக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. ஆனாலும் நமக்குக் கோபம் வருகிறது. அப்படியென்றால் இந்தக் கோபத்தின் வேர் சுயநலத்தில் இல்லை. அநியாயத்துக்கு எதிராக மனித மனம் இயல்பாகவே எழுந்து நிற்கிறது. சமூகத்தைக் கட்டிவைத்திருக்கும் கயிறுகளில் இதுவும் ஒன்று என்கிறார் பட்லர். குற்றவாளியைப் பிடித்து நிறுத்துவதற்கு இரக்கம் மட்டும் போதாது, சொல்லப்போனால் இரக்கம் சில சமயம் அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கும். அதற்கு எதிர் எடையாகத்தான் கோபம் வைக்கப்பட்டிருக்கிறது.

பிரசங்க மேடையிலிருந்து ஒருவர் இதைச் சொல்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் இந்தக் கோபம் எங்கெங்கே தடம் மாறும் என்று காட்டுகிறார். நடக்காத அநியாயத்தை நடந்ததாக நினைத்துக்கொள்வது. நடந்ததைப் பெரிதாக்கிக்கொள்வது. தெரியாமல் செய்தவனிடம் தெரிந்து செய்தவனிடம் காட்டும் கோபத்தைக் காட்டுவது. குற்றத்தின் அளவை மீறிப் போவது. கடைசியாக, அவன் துன்பப்படுவதைப் பார்த்துத் திருப்திப்படுவதற்காகவே அவனுக்குத் துன்பம் கொடுப்பது. இந்தக் கடைசி இடத்தில்தான் கோபம் பழியாக மாறுகிறது. மற்ற ஆசைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு நன்மை இலக்காக இருக்கிறது, பழிக்கு மட்டும் இன்னொருவரின் துன்பமே இலக்கு. அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் செய்கிறது. நான் பழி தீர்த்தால் அவனுக்கு அது புது அநியாயம், அவன் திரும்ப வருவான், எங்கேயும் நிற்காது.

அப்படியென்றால் சத்துருவைச் சிநேகிப்பது எப்படி? 9-ஆம் பிரசங்கத்தில் பட்லர் சொல்லும் பதில் எனக்கு எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று சொல்ல, எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா ஒரு நெருங்கிய சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் கடனைக் கட்டவில்லை. கட்ட முடியாமல் போனதென்று இல்லை, கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தக் கடனை அப்பா அடைத்து முடிக்கும்போது ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது. அம்மாவின் நகைகள் திரும்பி வரவேயில்லை. ஊரில் பெரியவர்கள் வந்து சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "போனது போகட்டும், சொந்தம் விட்டுப்போகக் கூடாது, மனசுல வச்சுக்காதீங்க." எனக்கு அந்த வார்த்தைகள் இன்னொரு அநியாயமாகத்தான் பட்டன. நடந்ததை நடக்காததுபோல நினைக்கச் சொல்கிறார்கள். அம்மாவின் கோபம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

பட்லர் அம்மாவின் பக்கம் நிற்கிறார். அநியாயம் செய்தவன்மீது கோபம் இருந்துகொண்டே அவனுக்கு நன்மையும் நினைக்க முடியும் என்கிறார். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். தண்டனை கொடுக்கும் நீதிபதி குற்றவாளியை வெறுக்கத் தேவையில்லை. கோபம் அந்த நல்லெண்ணத்தை அடியோடு அழித்துவிடும்போதுதான் அது எல்லை மீறுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு அளவுகோலையும் கொடுக்கிறார். இந்த விவகாரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நல்ல மனிதரை நினைத்துக்கொள். நடந்த அநியாயம் முழுவதும், ஒன்று விடாமல், உனக்குத் தெரிந்த அளவுக்கே அவருக்கும் தெரியும். அவருக்கு அந்த ஆள்மீது எப்படிப்பட்ட உணர்வு வருமோ, அதுவே உனக்கும் இருக்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன் என்கிறார்.

இதில் "முழுவதும் தெரியும்" என்பதுதான் எனக்கு எல்லாமே. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் சம்பந்தமில்லாதவர்கள்தான், ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர்கள் விரும்பவில்லை. பட்லர் நினைக்கும் மனிதர் அப்படி இல்லை. அவருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு தட்டிப்போனது என்று கேள்விப்பட்டால் அவர் சந்தோஷப்பட மாட்டார். அந்தப் பெண் என்ன செய்தாள்? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, எது நடந்த அநியாயத்துக்கு உரிய கோபம், எது பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. முதலாவதை இன்றும் வைத்திருக்கிறேன். அதை விடச் சொல்லி பட்லர் கேட்கவில்லை.

பாதிக்கப்பட்டவனின் கண்ணைப் பற்றியும் அதே பிரசங்கத்தில் பேசுகிறார். சுய அன்பு ஒரு விசித்திரமான கண்ணாடி, பிறரிடம் உள்ள குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அதே நேரத்தில் நம்மிடம் உள்ளதைச் சின்னதாக்கிவிடும் என்கிறார். இந்த ஒரு வரியிலிருந்து 10-ஆம் பிரசங்கத்துக்குப் போய்விடலாம். அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றியது.

பைபிளில் தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்த கதை தெரிந்ததுதான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். நிறைய ஆடுமாடுகள் வைத்திருந்த பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன் பிள்ளைபோல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்துப் போகிறார், அவன் சாக வேண்டும் என்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். பட்லருக்கு இங்கே ஆச்சரியம் தாவீதின் பாவம் அல்ல. அவ்வளவு பெரிய குற்றத்தைச் செய்துவிட்டு இத்தனை நாள் எந்த உறுத்தலும் இல்லாமல் இருந்திருக்கிறார், அப்போதும் அவருடைய நியாய உணர்ச்சி சாகவில்லை, ஒரு ஆட்டுக்குட்டிக்காகப் பொங்குகிறது. இரண்டும் ஒரே ஆளிடம். மனசாட்சி கெட்டுப்போகவில்லை, ஒரே ஒரு திசையில் மட்டும் திரும்பாமல் இருக்கப் பழகிவிட்டது.

திருட்டு, கொலை மாதிரி எல்லை தெளிவாகத் தெரியும் குற்றங்களில் நம்மை ஏமாற்றிக்கொள்வது கஷ்டம். எல்லை போட முடியாத இடங்களில்தான் இது செழிக்கிறது என்கிறார். சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டு ஒருவரை நசுக்கலாம். எங்கே நேர்மை முடிந்தது, எங்கே கொடுமை ஆரம்பித்தது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. வக்கீல்கள் நிறைந்த தேவாலயத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்! இதற்கு அவர் சொல்லும் வைத்தியம் இரண்டு. உன் செயலை வேறொருவன் செய்ததாக வைத்துப் பார். இல்லையென்றால், உன் எதிரி உன்னைத் தாக்க வந்தால் உன் நடத்தையில் எந்தப் பகுதியைக் குறிவைப்பான் என்று யோசி. அவன் குறிவைக்கும் இடத்தில் குற்றம் இருந்தே தீரும் என்று இல்லை. ஆனால் ஆபத்து அங்கேதான், காவல் அங்கேதான் தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று பிரசங்கங்கள்தான் தத்துவ வகுப்புகளில் அதிகம் படிக்கப்படுகின்றன. மனித இயல்பில் பல ஆசைகள் இருந்தாலும் மனசாட்சிக்கு மட்டும் ஆளும் உரிமை இருக்கிறது, அதற்கு உரிமை இருக்கும் அளவுக்குப் பலமும் இருந்திருந்தால் உலகத்தையே ஆண்டிருக்கும் என்கிறார். 5-ஆம் பிரசங்கத்தில் ஒரு அடிக்குறிப்பில் தாமஸ் ஹாப்ஸ் என்ற முந்தைய தலைமுறைத் தத்துவவாதியை எதிர்கொள்கிறார். பிறர் துன்பத்தைப் பார்த்து, நாளை நமக்கும் இது வருமோ என்று பயப்படுவதுதான் இரக்கம் என்று ஹாப்ஸ் எழுதியிருந்தார். அப்படியென்றால் உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளிதான் மிகவும் இரக்கமுள்ளவனாக இருக்க வேண்டும், நண்பனின் துன்பத்துக்கு அதிகமாக உருகுவதற்கும் காரணம் இருக்காதே என்று கேட்கிறார் பட்லர். இதற்கு மேல் அங்கே வாதம் தேவைப்படவில்லை.

புத்தகம் வந்த பிறகு வட இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் என்ற ஊரில் பங்குக் குருவாகப் போய் இருந்துவிட்டார். கரோலின் ராணி, பட்லர் இறந்துவிட்டாரா என்று கேட்டாராம். "இல்லை அம்மா, புதைக்கப்பட்டிருக்கிறார்" என்று தலைமைப் பேராயர் ஒருவர் பதில் சொன்னாராம். 1736-இல் ராணி அவரைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டார், அதே ஆண்டு அவருடைய இன்னொரு பெரிய புத்தகமும் வந்தது. பின்னாளில் பெரிய தத்துவவாதியாகப் பேர் பெற்ற டேவிட் ஹியூம், இளைஞனாக இருந்தபோது, தன் கையெழுத்துப் பிரதியை பட்லரிடம் காட்டும் ஆசையில், மதத்தைப் புண்படுத்தும் பகுதிகளை அதிலிருந்து வெட்டி எடுத்தார். பட்லர் பிரிஸ்டலுக்குப் பேராயராகி, பிறகு டர்ஹாமுக்கு மாறி, 1752-இல் பாத் நகரில் இறந்தார்.

பிரிஸ்டலில் இருந்த காலத்தில், 1739-இல், வெளிநாடுகளில் சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் முன்னால் ஒரு பிரசங்கம் செய்தார். இந்தப் பிரசங்கத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. காலனிகளில் உள்ள அடிமைகளைப் பற்றிப் பேசுகிறார். அவர்களை ஆடுமாடுகளாகவோ எஜமானின் சொத்தாகவோ மட்டும் நடத்தக் கூடாது, அவர்களும் கடவுளின் படைப்பு, மனித இனத்தைச் சேர்ந்தவர்கள் என்கிறார். அந்த மேடையில் அது துணிச்சலான பேச்சு. ஏனென்றால் அந்தச் சங்கத்துக்கே பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் இருந்தது, அதில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அடுத்த வரியில் என்ன சொல்கிறார்? நம்முடைய ஆதாயத்துக்காக அவர்களை இந்த உலகத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு துன்பத்தில் வைத்திருக்கிறோம், அவசியம் அதைக் கேட்கிறதென்றால், மறு உலகத்திலாவது அவர்கள் நல்ல நிலையில் இருக்க வழிசெய்யும் கடமை நமக்கு இன்னும் கூடுகிறது. அதாவது, அவர்களுக்கு மதபோதனை செய்யுங்கள்.

துன்பத்தை அவர் மறைக்கவில்லை. யாருடைய ஆதாயத்துக்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார். இவ்வளவும் கண்ணுக்கு நேராகத் தெரிந்த பிறகு "அவசியம்" என்ற சொல்லை அவரால் அங்கே வைக்க முடிந்திருக்கிறது. 10-ஆம் பிரசங்கத்தை எழுதியவர் இவர். சட்டப்படி நடக்கும் கொடுமையில்தான் மனசாட்சி திரும்ப மறுக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர். எதிரி எங்கே குறிவைப்பான் என்று கேட்கச் சொன்னாரே, அந்தக் கேள்வியை 1739-இல் தன் சபைக்குப் போட்டுப் பார்த்திருந்தால் விடை அங்கேயே, பார்படோஸ் தோட்டத்திலேயே, இருந்தது. அவர் காலத்து மனிதர் அப்படித்தான் இருப்பார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. காரணம், அந்தப் பதிலை ஏற்காத அளவுக்குக் கூர்மையாகப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவருடைய பிரசங்கங்கள்தான். அவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

அவருடைய வேறு பிரசங்கங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஹாம்ப்ஸ்டெட் வீட்டு நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் பூட்டி வைத்திருந்த பெட்டியில் உள்ள பிரசங்கங்கள், கடிதங்கள், தாள்கள் எல்லாவற்றையும் யாரும் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்துவிட்டார். ரோல்ஸ் தேவாலயத்தில் எட்டு ஆண்டுகள் பேசியதில் அந்த 15 மட்டும்தான் மிஞ்சியது. அந்த 15-ஐக்கூடத் தனிக் காரணம் எதுவும் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, பெரும்பாலும் தற்செயல்தான் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். பிற்காலத்தில் பொது நிகழ்ச்சிகளில் பேசிய ஆறு பிரசங்கங்களும் அச்சில் இருக்கின்றன, 1739 பிரசங்கம் அவற்றில் ஒன்று.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் மூன்றிலிருந்து ஆரம்பித்தால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். வாக்கியங்கள் நீளம், ஒரு பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். 8, 9 இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள், பிறகு 10. அதற்கு அடுத்ததாக 1739 பிரசங்கத்தை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள். நாக்கை அடக்குவதைப் பற்றிய 4-ஆம் பிரசங்கத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். யார்மீதும் விரோதம் இல்லாமல், பேச வேண்டும் என்ற ஆசைக்காகவே பேசிப் பேசிப் பிறர் பேரைக் கெடுக்கிறவர்களைப் பற்றியது அது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அதில் வரும் ஆட்களை அடையாளம் காண ஒரு நிமிடம் ஆகாது.